மேப்ல புள்ளி நிறைய இருக்கு, நடுவுல ரோடு காலியா இருக்கே: ஃபாஸ்ட் சார்ஜிங் இடைவெளி பத்தி பேசலாம் வாங்க

நெடுஞ்சாலைவாசி:
எலெக்ட்ரிக் வண்டில லாங் ட்ரிப்புக்கு ரூட் போட உக்காந்தாலே எனக்கு வர்ற கடுப்பு இது. சார்ஜர் காட்டுற ஆப்பைத் திறந்தா வழி நெடுக பச்சைப் புள்ளியா கொட்டிக் கிடக்கு, பாக்கிறவனுக்கு இதுல என்னடா பிரச்சனைன்னு தோணும். அதுல மெதுவா ஏத்துற ஏசி சார்ஜரை எல்லாம் எடுத்துட்டு, என் வண்டிக்குப் பொருந்தாத கன்னை, அதாவது வண்டில மாட்டற பிளக்கை எடுத்துட்டு, 50 கிலோவாட்டுக்குக் கீழ உள்ளதைத் தூக்கிட்டு, ஏதோ ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள இருந்து சாயங்காலம் கேட்டைப் பூட்டிட்டுப் போற கேஸையும் கழிச்சா மிஞ்சுறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் பெரிய ஊர் பக்கத்துல கொத்தா நிக்குது, அப்புறம் நீளமா ஒண்ணுமில்ல, அந்த ஒண்ணுமில்லாத இடத்துக்கு நட்ட நடுவுல ஒரே ஒரு சார்ஜர் தனியா நிக்கும், மொத்த ட்ரிப்பும் அதை நம்பித்தான்.

என் கட்சி இதுதான்: ஒரே ஒரு கன் இருக்கிற ஸ்டேஷனை கணக்குலயே சேர்க்கக் கூடாது. அது இருந்தாலும் அந்த இடம் காலி இடம்தான். ஒத்துக்கறவங்க ஒத்துக்கங்க, அடிக்க வர்றவங்க வாங்க.

பேட்டரிபித்தன்:
ஒத்துக்க மாட்டேன் ப்ரோ. பெரிய பேட்டரியா வாங்குங்க, மேட்டர் ஓவர். 500 கிமீ ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல அவ்வளவு தூரம் ஓடற வண்டி வெச்சிருக்கிறவனுக்கு 120 கிமீக்கு ஒரு சார்ஜர்னு இருக்கிற ரோட்ல ஒண்ணு செத்துக் கிடந்தா என்ன, உயிரோட இருந்தா என்ன, பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டே இருப்பான். சின்ன பேட்டரி பேக் வண்டியை எடுத்துட்டு நெட்வொர்க்கைத் திட்டி என்ன புண்ணியம்.

கிலோவாட்_கணக்கு:
//500 கிமீ ரேஞ்ச்//

பித்தரே, அந்த 500 எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் பாருங்க. கம்பெனிக்காரங்க ரேஞ்ச் சொல்றதுக்குப் பண்ற டபிள்யூஎல்டிபி டெஸ்ட்டோட சராசரி வேகம் மணிக்கு 46 கிமீ சொச்சம்தான். காத்து தடுக்கிற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால ஹைவேல 110, 120ன்னு புடிச்சு ஓட்டினா அந்த 500 சுமாரா 380ல வந்து நிக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். வீட்ல 100 ஏத்திட்டுக் கிளம்புற முதல் ஓட்டத்துக்கு பிரச்சனை இல்ல. ரெண்டாவது ஓட்டத்துலேர்ந்து நீங்க 10லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும்தான் ஏத்துவீங்க, அதுக்கு மேல ஏற யுகமாகும்னு உங்களுக்கே தெரியும். ஆக கையில இருக்கிறது 380ல 70 சதவீதம், 266 கிமீ. குளிர், எதிர்காத்து, கொட்டுற மழை, இதெல்லாம் சேர்ந்து கால் பங்கைத் தின்னுச்சுன்னா 200.

இப்போ உங்க 120 கிமீ கணக்குக்கு வாங்க. நடு சார்ஜர் அவுட்டுன்னா நீங்க தாண்ட வேண்டியது 240. கடைசி 10 சதவீதத்தையும் வழிச்சுப் போட்டாக்கூட 228தான் வரும். உங்க 500 கிமீ வண்டி 12 கிமீ முன்னாடி படுத்துடும்.

அதனால இடைவெளியை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அளக்காதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு அளங்க. வழியில இருக்கிற ஏதாவது ஒரு ஸ்டேஷன் இல்லவே இல்லைன்னு வெச்சுப் பாத்தா வர்ற தூரம்தான் உண்மையான தூரம். வாசி அண்ணன் சொல்ற ஒத்தை கன் மேட்டரும் இதுக்குள்ள அடங்கிடும்.

புதுவண்டி:
ஒரு சின்ன டவுட் சார். நடுவுல இல்லைன்னு தெரிஞ்சா முந்தின ஸ்டேஷன்லயே 100 வரைக்கும் ஏத்திட்டுப் போயிடலாமே? 80ல நிறுத்தணும்னு சட்டமா?

கிலோவாட்_கணக்கு:
சட்டம் ஒண்ணும் இல்ல தம்பி, இடைவெளிக்கு முன்னாடி எல்லாரும் அதைத்தான் செய்யறோம். ஆனா நிறைய வண்டில 10லேர்ந்து 80 ஏற ஆகுற நேரமும் 80லேர்ந்து 100 ஏற ஆகுற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு, பேக் நிரம்ப நிரம்ப செல்லோட வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுடும், அப்புறம் கரண்டைக் குறைச்சுக்கிட்டே வரும். கடைசி 5 சதவீதத்துல 150 கிலோவாட் சார்ஜர்ல நின்னுக்கிட்டு 15, 20 கிலோவாட் இழுத்துட்டிருப்போம்.

இதுல யாரும் கவனிக்காத விஷயம் என்னன்னா, காலி இடம் ஒரு பக்கம் இருக்கு, வரிசை அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல நிக்குது. முன்னாடி 200 கிமீ ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதால ஒவ்வொருத்தனும் 25 நிமிஷத்துல கிளம்ப வேண்டியவன் 50 நிமிஷம் உக்காந்திருக்கான். அந்த ஸ்டேஷனோட கொள்ளளவு அப்பவே பாதி ஆயிடுச்சு. அங்க நாலு கன் இருந்தாலும் ரெண்டு கன் இருக்கிற வேலைதான் நடக்கும். லீவு நாள்ல அங்க கூட்டம் நிக்கிறதைப் பாத்துட்டு அந்த ஸ்டேஷனை பெருசாக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, 90 கிமீ தள்ளி புதுசா ஒண்ணு வெச்சாலே இந்தக் கூட்டம் கலைஞ்சிடும்.

டீசல்விசுவாசி:
பாப்கார்னோட உக்காந்து படிச்சிட்டிருக்கேன். 5 நிமிஷம், ஃபுல் டேங்க், 800 கிமீ. நீங்க கணக்கு போடுங்க, நான் ஊர் போய்ச் சேர்ந்துடறேன்.

பேட்டரிபித்தன்:
@டீசல்விசுவாசி வந்துட்டாரய்யா. தினமும் காலைல 100 சதவீதத்தோட வீட்டை விட்டுக் கிளம்புற சுகம் உங்களுக்குத் தெரியாது, விடுங்க.

மத்தபடி கணக்கு அண்ணனுக்கு: 12 கிமீ பத்தலைன்னா 110ல போறதை 95க்கு இறக்கினா சேர்ந்துடும். மெதுவா போனா சார்ஜரே இல்லாம ரேஞ்ச் கிடைக்கும். இதை நான் மாத்திக்கப் போறதில்ல.

மலையேறி:
95க்கு இறக்கறது சமவெளிக்காரங்க வசதி பித்தன். மலையில ஏறும்போது வேகம் குறைச்சு ஒண்ணும் பெருசா மிச்சமாகாது. 2 டன் வண்டியை 1000 மீட்டர் உயரம் ஏத்த கிட்டத்தட்ட 5.5 யூனிட் சுத்தமா போயிடும், மோட்டார் நஷ்டமும் சேர்த்தா 6, அதாவது சமதரையில 35 கிமீ ஓடியிருக்க வேண்டிய கரண்ட். இறங்கும்போது ரீஜென்ல, அதாவது மோட்டாரே பிரேக் புடிச்சு கரண்ட் தயாரிக்கிறதுல, ஒரு பங்கு திரும்பும், ஆனா அது மலைக்கு அந்தப் பக்கம். உச்சிக்கு முன்னாடி நின்னுட்டா யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

நான் இங்க எழுத வந்தது வேற ஒண்ணு. பள்ளத்தாக்குல ஒரு ஸ்டேஷன், பேரு வேணாம். ஆப்ல "காலியாக உள்ளது"ன்னு காட்டுச்சு. போய் நின்னா ஸ்க்ரீன் பளிச்சுன்னு எரியுது, சார்ஜர் தெம்பா இருக்கு, மொபைல்ல மட்டும் சிக்னல் இல்ல. ஆப்லதான் ஸ்டார்ட் பண்ண முடியும், கார்டு தேய்க்க இடம் இல்ல. கன்னை மாட்டிட்டு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ரோடு வளைவு வரைக்கும் நடந்து போனேன், அங்க ஒரு கோடு சிக்னல் வந்துச்சு, ஸ்டார்ட் அமுக்கினேன், ஓடி வந்து பாத்தா "வாகனத்துடன் தொடர்பு கொள்கிறது"ன்னு சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்ச நேரத்துல டைம் அவுட். மறுபடி வளைவு, மறுபடி ஓட்டம். கடைசியில உள்ள இருக்கிற கான்டாக்டர் ஸ்விட்ச் "டொக்"குன்னு விழுந்த சத்தம் கேட்டதும்தான் உசுரு வந்துச்சு. மின்சாரம் இருக்கு, மெஷின் நல்லா இருக்கு, எங்கயோ இருக்கிற சர்வர் கிட்ட அனுமதி வாங்கத்தான் வழியில்ல. இதுவும் இடைவெளிதானே? எந்த மேப்ல வரும் இது?

கிலோவாட்_கணக்கு:
இதுக்கு தீர்வு ஏற்கனவே இருக்குங்கறதுதான் கொடுமை. சார்ஜரும் சர்வரும் பேசிக்கிற ஓசிபிபி மொழியிலயே, நெட் இல்லாதப்போ உள்ளயே சேமிச்சு வெச்ச கார்டு பட்டியலைப் பாத்து ஸ்டார்ட் பண்ற வசதி இருக்கு. அதை ஆன் பண்ணி வெக்கணும், கார்டு ரீடர் ஒண்ணு வெக்கணும். ரெண்டும் செய்யல.

அந்த டைம் அவுட் வேற கதை. கன்னை மாட்டினதும் ஒரு சின்ன ஒயர் வழியா வண்டியும் சார்ஜரும் டேட்டா பேசி, எத்தனை வோல்ட் எத்தனை ஆம்பியர்னு முடிவு பண்ணி, அப்புறம் கேபிள்ல கரண்ட் கசியுதான்னு இன்சுலேஷன் டெஸ்ட் நடக்கும். மழைத்தண்ணி கன்னுக்குள்ள இறங்கியிருந்தா அங்கயே நின்னுடும். சர்வருக்கு இதெல்லாம் தெரியாது, அதோட பார்வையில சார்ஜர் "ஆன்லைன்". அடுத்த வாட்டி மாட்டும்போது கன் உள்ள ஈரம் இருக்கான்னு பாருங்க, தொடைச்சிட்டு மாட்டிட்டு கன்னோட கழுத்தை கையால தாங்கிப் புடிங்க, கேபிள் கனத்துல கன் தொங்கி பின் சரியா ஒட்டாம போறது ரொம்ப சகஜம்.

சட்டப்புள்ளி:
ஸ்டேஷன் இருக்கிறதும் வேலை செய்யறதும் ஒண்ணில்லைங்கறதுக்கு ஒரு ஆய்வே இருக்கு. 2022ல கலிஃபோர்னியா சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதில சிசிஎஸ்ங்கற கன் வகை இருக்கிற பொது ஃபாஸ்ட் சார்ஜர் ஒவ்வொண்ணுக்கும் ஆளே நேர்ல போய் மாட்டிப் பாத்தாங்க, 657 கன். வேலை செஞ்சது 72.5 சதவீதம். மிச்சத்துல கொஞ்சம், கிட்டத்தட்ட 5 சதவீதம், கேபிள் நீளம் பத்தாம வண்டியோட சாக்கெட்டையே எட்டல. அப்போ நெட்வொர்க்காரங்க சொல்லிட்டிருந்த அப்டைம், அதாவது சார்ஜர் வேலை செய்யற நேரம், 95லேர்ந்து 98 சதவீதம்.

ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்னா, அப்டைம்னு எதைச் சொல்றாங்கங்கறதுல இருக்கு. அமெரிக்காவுல 2021 சட்டத்துல வந்த 500 கோடி டாலர் நெவிங்கற ஹைவே சார்ஜர் திட்டத்துல ஒவ்வொரு கன்னுக்கும் 97 சதவீதம் அப்டைம் கட்டாயம்னு போட்டாங்க. ஆனா கரண்ட் கம்பெனி சப்ளை போனா அது கணக்குல வராது, யாராவது கேபிளை வெட்டிட்டா வராது, வண்டிப் பக்கம் கோளாறுன்னா வராது. நிக்கிறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான், அவன் வண்டில கரண்ட் ஏறல.

நெடுஞ்சாலைவாசி:
அந்த நெவி ரூல்ல நான் மதிக்கிற ஒரே விஷயம் நாலு கன் கண்டிஷன். 50 மைலுக்கு ஒண்ணு, ஹைவேலேர்ந்து 1 மைலுக்குள்ள, நாலு கன், நாலுமே ஒரே நேரத்துல 150 கிலோவாட் தரணும். இப்படி எழுதினாத்தான் ஒத்தைக் கன்னை நட்டு ரிப்பன் வெட்டிட்டுப் போறது நிக்கும்.

சட்டப்புள்ளி:
எழுதினது சரி அண்ணே, கட்டினது வேகமா நடக்கல. 2025 தொடக்கத்துல புதுத் திட்டங்களை நிறுத்தி வெச்சு, கோர்ட் வரைக்கும் போய், ஆகஸ்ட்ல தூர விதியை எல்லாம் தளர்த்தி புது வழிகாட்டி விட்டாங்க.

ஐரோப்பால வேற மாதிரி. 2023ல போட்ட ஏஎஃப்ஐஆர் விதி, முக்கிய சாலைகள்ல ஒவ்வொரு திசையிலும் 60 கிமீக்கு ஒரு இடம், 2025 கடைசிக்குள்ள ஒரு இடத்துல மொத்தம் 400 கிலோவாட், 2027 கடைசிக்குள்ள 600. 2024 ஏப்ரலுக்கு அப்புறம் வெக்கிற 50 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள சார்ஜர்ல சாதாரண பேங்க் கார்டு வாங்கியே ஆகணும், மலையேறி பட்ட பாடு பாதி இதுல தீரும். ஆனா ஒரு நாளைக்கு 3000 கார் கூட போகாத ரோடுன்னா 60 கிமீயை 100 வரைக்கும் நீட்டிக்கலாம்னு விலக்கு இருக்கு. இடைவெளி எங்க இருக்குமோ அங்கதான் விலக்கும் இருக்கு.

டிரான்ஸ்ஃபார்மர்மாமா:
கொஞ்ச நேரமா எல்லாரும் ஆபரேட்டரைத் திட்டுறீங்க, நான் கரண்ட் பக்கத்து ஆளு, எங்க பக்கத்தையும் கேளுங்க.

நாலு கன், ஒவ்வொண்ணும் 150ன்னா 600 கிலோவாட். ஆள் இல்லாத ரோட்டோரம் போற லைன் நாலு வீட்டுக்கும் ஒரு பம்புசெட்டுக்கும் போட்டது, அதுல போய் 600ஐ தொங்கவிட முடியாது. உயரழுத்த லைன் இழுக்கணும், தனி டிரான்ஸ்ஃபார்மர் வெக்கணும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் போட்டு வரவே சில நாடுகள்ல வருஷக்கணக்கு ஆகுது. சார்ஜர் மெஷினை நட்டு மாட்டறது இருக்கே, அது சில வாரத்துல முடியற வேலை.

அதைத் தாண்டி வெச்சாச்சுன்னு வைங்க, அடுத்தது டிமாண்ட் சார்ஜ். பல ஊர்ல பெரிய கனெக்‌ஷனுக்கு நீங்க எத்தனை யூனிட் எரிச்சீங்கங்கறது ஒரு பில்லு, மாசத்துல எந்த 15 நிமிஷத்துல அதிகமா இழுத்தீங்கங்கறது இன்னொரு பில்லு. டவுன் ஸ்டேஷன்ல நாள் முழுக்க வண்டி வருது, அந்த ரெண்டாவது பில்லு ஆயிரம் பேர் மேல பரவிடும். நடு ரோட்ல நாளைக்கு மூணு வண்டி. மாசத்துல ஒரே ஒரு தடவை ரெண்டு பேர் சேர்ந்து வந்து 300 கிலோவாட் இழுத்துட்டா அந்த மாச வசூல் பூராவும் அதுக்கே போயிடும், சில இடத்துல கையிலேர்ந்தும் போடணும். எந்த தனியார்காரன் வெப்பான்? வண்டி வராததால சார்ஜர் வராது, சார்ஜர் இல்லாததால அந்த ரோட்டுக்கு வண்டி வராது. அதனாலதான் ஒத்தைக் கன்னு, 50 கிலோவாட்டு. அதுவும் இல்லாம இருக்கிறதுக்கு இது தேவலைன்னு வெச்சிட்டுப் போறாங்க.

நெடுஞ்சாலைவாசி:
மாமா நீங்க சொல்றது புரியுது, ஆனா "இல்லாததுக்கு தேவலை"ங்கறதைத்தான் நான் ஒத்துக்கல. சுத்தமா இல்லைன்னா நான் அந்த ரூட்டையே எடுக்க மாட்டேன், சுத்திக்கிட்டு வேற வழியில போவேன். ஒத்தைக் கன் ஆசை காட்டி உள்ள இழுக்குது, பாதி தூரம் வந்தப்புறம் "பழுது"ன்னு சொல்லுது. அப்போ முன்னாடியும் போக முடியாது பின்னாடியும் போக முடியாது.

டிரான்ஸ்ஃபார்மர்மாமா:
சரி, ஒத்தைக்கு பதிலா 60 கிலோவாட்ல ரெண்டு கன் தனித்தனி மெஷினா வெச்சா? லைன் இழுக்கிற செலவு பெருசா மாறாது.

கிலோவாட்_கணக்கு:
அதுக்குத்தான் என் ஓட்டு. ஒரு மெஷின் பத்துக்கு ஒன்பது தடவை வேலை செய்யுதுன்னா, தனித்தனி ரெண்டு மெஷினும் சேர்ந்து ஏமாத்த நூத்துல ஒரு வாய்ப்பு, நாலுன்னா பத்தாயிரத்துல ஒண்ணு. ஆனா இந்தக் கணக்கு பேப்பர்லதான் இவ்வளவு அழகு. நாலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே சிம் கார்டு, ஒரே சர்வர்னா போறப்போ நாலும் சேர்ந்தே போகும். செம்புக்காக கேபிள் வெட்டறவனும் ஒண்ணோட நிறுத்த மாட்டான், வரிசையா நறுக்கிட்டுப் போவான். அதனால ரெண்டு வேற வேற ஆபரேட்டர், ஒரு 10 கிமீ தள்ளித் தள்ளி இருந்தா அதுதான் எனக்கு நிம்மதி.

ஒரு மெஷின்ல ரெண்டு கன் தொங்கறதை ரெண்டுன்னு எண்ணாதீங்க. உள்ள இருக்கிற பவர் கேபினெட் ஒண்ணுதான், பக்கத்துல இன்னொருத்தன் மாட்டினதும் 150, 75 ஆயிடும்.

எண்ணூறுவோல்ட்:
போர்டுல போட்டிருக்கிற கிலோவாட்டை நம்பி ப்ளான் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 350னு எழுதியிருக்கிற சார்ஜர்ல கேபிள் 500 ஆம்பியர்னா, 400 வோல்ட் பேக் வண்டி 200ஐத் தாண்டாது. பழைய 50 கிலோவாட் மெஷின் பல 125 ஆம்பியர்தான், பேக் 350 வோல்ட்ல இருந்தா 44 கிடைக்கும்.

என்னை மாதிரி 800 வோல்ட் வண்டிக்காரங்களுக்கு நேர் எதிர் தொல்லை. 500 வோல்ட்டோட நின்னுடற சார்ஜர்ல வண்டியே உள்ள வோல்டேஜை ஏத்திக்கணும். போர்ஷே டைகான் வந்த புதுசுல அப்படி இடத்துல சாதாரணமா 50, தனியா ஆப்ஷன் வாங்கினாத்தான் 150. ஹூண்டாய் ஐயோனிக் 5 மோட்டாரையும் இன்வெர்ட்டரையுமே வெச்சு ஏத்திக்கும், அது பரவாயில்ல. ஒரே புள்ளி ஒருத்தனுக்கு 20 நிமிஷம், இன்னொருத்தனுக்கு ஒன்றரை மணி நேரம்.

புதுவண்டி:
குளிர்ல வேற ரொம்ப மெதுவா ஏறுதுன்னு சொல்றாங்களே, அதுவும் சார்ஜர் தப்பா?

எண்ணூறுவோல்ட்:
இல்ல, அது செல். சில்லுன்னு இருக்கிற செல்லுல வேகமா ஏத்தினா லித்தியம் உள்ள போகாம மேலயே உலோகமா படிஞ்சிடும், அதனால பேட்டரியைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் கரண்டை நெறிக்கும், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக்ல இன்னும் கொஞ்சம் அதிகமாவே. வர்ற வழியிலயே பேக்கை சூடு பண்ணிக்கிட்டு வர வசதி உங்க வண்டில இருந்தா, சார்ஜரை வண்டியோட நேவிகேஷன்லயே போடுங்க. மொபைல் மேப்ல போட்டா பல வண்டிக்கு நீங்க சார்ஜருக்குப் போறீங்கன்னே தெரியாது.

பின்வண்டிக்காரன்:
பின்னாடி டிரெய்லர் கட்டி இழுக்கிற எங்களை யாரும் நினைக்கவே மாட்டேங்கறீங்க. பெரிய கேரவன் மாட்டினா ரேஞ்ச் பாதியாயிடும், அப்போ உங்க 120 எங்களுக்கு 240. சார்ஜருக்குப் போனா மூக்கை உள்ள விட்டு நிறுத்துற பார்க்கிங், டிரெய்லரைக் கழட்டி எங்கயோ விட்டுட்டு வந்துதான் மாட்டணும். பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போற ஒரு இடமாவது வெக்கக் கூடாதா.

டிரான்ஸ்ஃபார்மர்மாமா:
லைன் வராத இடத்துக்கு வழியே இல்லாம இல்லைங்கறதையும் சொல்லிடறேன். சார்ஜருக்குள்ளயே பேட்டரி வெச்ச மெஷின் இருக்கு, சொட்டுச் சொட்டா வர்ற தண்ணியைத் தொட்டியில புடிச்சு வெச்சு வாளியில ஊத்துற மாதிரி, 30 கிலோவாட் லைன்லேர்ந்து மெதுவா நிரப்பிட்டு வண்டிக்கு 150ல தள்ளும். டிமாண்ட் சார்ஜ் அடியும் குறையும். ஆனா 160 யூனிட் பேட்டரின்னா வண்டிக்கு 45 வீதம் மூணு வண்டி, நாலாவது ஆள் வந்தா அவனுக்கு 30 கிலோவாட்தான். நாளைக்கு மூணு வண்டி வர்ற ரோட்டுக்கு அருமை, லீவு நாளுக்கு ஆகாது.

ஆஸ்திரேலியாவுல நல்லார்பர் சமவெளியைத் தாண்டற ரோட்ல இன்னும் வேடிக்கை. கரண்ட் லைன் வர்ற கிரிட்டே கிடையாது. கைகூனாங்கற இடத்து ரோட்ஹவுஸ்ல பொரிச்சு மிஞ்சின எண்ணெயில ஓடற ஜெனரேட்டரை வெச்சு ஃபாஸ்ட் சார்ஜர் ஓட்டினாங்க. அப்புறம் மேற்கு ஆஸ்திரேலிய அரசே இறங்கி வடக்குலேர்ந்து தெற்கு வரைக்கும் தொடர்ச்சியா நெட்வொர்க் போட்டது, கிரிட் எட்டாத இடத்துல சோலார், பேட்டரி, துணைக்கு ஜெனரேட்டர். லாபக் கணக்குப் பாத்தா அங்க ஒண்ணுகூட வந்திருக்காது.

டீசல்விசுவாசி:
ஜெனரேட்டர்ல சார்ஜா! அப்போ கடைசியில என் கட்சிக்கே வந்துட்டீங்க.

டிரான்ஸ்ஃபார்மர்மாமா:
எண்ணெய் பொரிச்சு மிஞ்சினதுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா மாப்ள.

மலையேறி:
நான் இப்போ எல்லாம் ராத்திரி தங்குற இடத்தை இடைவெளிக்கு முன்னாடி விளிம்புல போட்டுக்கறேன். ஏசி 7 கிலோவாட் இருந்தா காலைல 100. அதுவும் இல்லாம சாதாரண 10 ஆம்பியர் பிளக் மட்டும் குடுத்தாக்கூட 2.3 கிலோவாட், பத்து மணி நேரத்துல 20 யூனிட் சொச்சம் ஏறும், அந்த நடு சார்ஜர் கைவிட்டா தாண்டிப் போக அந்த 100 கிமீ போதும். ஃபோன் பண்ணி பார்க்கிங் கிட்ட பிளக் இருக்கா, எர்த் ஒழுங்கா இருக்கான்னு முன்னாடியே கேட்டுடுவேன், எர்த் இல்லைன்னா கேபிள் ஸ்டார்ட்டே ஆகாது.

பேட்டரிபித்தன்:
100ல கிளம்புறதுக்கு பேக் பெருசா இருந்தா இன்னும் நல்லதுன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

நெடுஞ்சாலைவாசி:
பித்தனை மாத்த முடியாது 😂

கணக்கு சொன்ன ஒண்ணு விட்டு ஒண்ணு முறையில என் ரூட்டைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். அந்தத் தனி சார்ஜரை இல்லைன்னு வெச்சா நேர் ரோடு தாண்டாது, கிழக்குப் பக்கம் சுத்திப் போற ரோடு தாண்டுது, அதுல ரெண்டு வேற ஆபரேட்டர் பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க. தூரம் ஜாஸ்தி, ஆனா அதுலதான் போறேன். நேர் ரோட்ல யாராவது இந்த வாரம் போனீங்கன்னா அந்த சார்ஜர்ல கடைசியா எப்போ யார் வெற்றிகரமா ஏத்தினாங்கன்னு செக்-இன் மட்டும் போட்டுட்டுப் போங்க, ஆப் காட்டுற பச்சையை விட எனக்கு அது போதும்.

புதுவண்டி:
நான் வியாழக்கிழமை அந்த வழிதான் சார், சின்ன பேக். மூணு மணிக்கு அங்க இருப்பேன், போட்டோவோட போடறேன். கன் கழுத்தைத் தாங்கிப் புடிக்கணும், ஞாபகம் இருக்கு.